வளையாமல் வெட்ட எந்த ரம்பம் வாங்கலாம்?

கேள்வி: அண்ணனுக்கு வணக்கம். அருமனைப் பக்கம் எங்கள் வீடு. பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துப் புது வீடு கட்டியதில் கையிருப்பு கரைந்துவிட்டது. அதனால் சமையலறை கபோர்டையும் படுக்கையறை அலமாரியையும் நானே செய்யலாம் என்று இருக்கிறேன். முக்கால் அங்குல பிளைவுட் ஆறு ஷீட் வாங்கியாயிற்று. போன வருஷக் காற்றில் சாய்ந்த அயனி மரத்தைத் தடி மில்லில் கொடுத்து அறுத்த ஒன்றரை அங்குலப் பலகைகளும் கிடக்கின்றன. மச்சானிடம் ஜிக்சா இரவல் வாங்கி ஒரு ஷீட்டை வெட்டிப் பார்த்தேன். கோடு ஒரு பக்கம், வெட்டு ஒரு பக்கம். பக்கத்து ஆசாரி மாமா மார்பிள் கட்டரில் மர பிளேடு போட்டால் போதும் என்கிறார். கடைக்காரர் டேபிள் சா, அதாவது பிளேடு மேசையிலேயே பொருத்தி வரும் ரம்பம், வாங்கச் சொல்கிறார். பத்தாயிரத்துக்கு மேல் என்னால் முடியாது. எதை வாங்குவது? மைக்கா ஒட்டிவிட்டு வெட்டலாமா, வெட்டிவிட்டு ஒட்டலாமா?

பதில்: தம்பி, முதலில் மச்சானின் ஜிக்சாவைக் குறை சொல்லாதீர்கள். அதன் பிளேடு மேலே மட்டும்தான் பிடிக்கப்பட்டிருக்கிறது. கீழ் நுனி சும்மா தொங்குகிறது. கனமான பலகையில் கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் நுனி தனக்கு லேசான பக்கம் சாய்ந்துகொள்ளும். மேலே கோட்டிலேயே போவதுபோலத் தெரியும், திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வேறு வழியில் போயிருக்கும். அது வளைவு வெட்டுவதற்கும், சமையல் மேடையில் சிங்குக்கு ஓட்டை போடுவதற்கும் உள்ள மிஷின். திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம், சிங்க் வேலைக்கு மறுபடி தேவைப்படும்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: 7 அங்குல சர்க்குலர் சா (வட்ட பிளேடு சுழன்று வெட்டும் கைமிஷின்) ஒன்று, அதற்கு நல்ல பிளேடு இரண்டு, மிஷினை ஒட்டித் தள்ள நீங்களே செய்துகொள்ளும் ஒரு கைடு பலகை. பத்தாயிரத்துக்குள் இது முடியும். ஆனால் இதில் வெட்டை நேராக்குவது மிஷின் இல்லை, கைடு பலகைதான். எட்டாயிரம் ரூபாய் மிஷினை வெறும் கையால் கோட்டின் மேல் ஓட்டினாலும் வளையும். நாலாயிரம் ரூபாய் மிஷினை நல்ல கைடை ஒட்டித் தள்ளினால் எட்டடியும் நேராக வரும். கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், கைடு பலகை விற்பனைக்கு இல்லையே.

மார்பிள் கட்டர் விஷயத்தில் ஆசாரி மாமாவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அவர் சொல்வதில் பாதி உண்மை. நம் பக்கம் பாதி இன்டீரியர் வேலை அந்த 4 அங்குல மிஷினில்தான் நடக்கிறது. விலை குறைவு, கையில் லேசு, முக்கால் அங்குல பிளைவுட்டைத் தாராளமாக அறுக்கும். ஆனால் அது கல்லுக்கும் டைலுக்கும் செய்த மிஷின். கல்லறுக்கும் பிளேடுக்குப் பல் கிடையாது, விளிம்பில் வைரத் துகள் மட்டும்தான். அது தேய்த்து அறுக்கும், கவ்வி இழுக்காது. அதே மிஷினில் பல் வைத்த மர பிளேடைப் போட்டால் நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். 7 அங்குல சர்க்குலர் சா ஐயாயிரத்துச் சொச்சம்தான் சுற்றும். போதாக்குறைக்கு, கட்டரில் பிளேடைத் தானே வந்து மூடும் கார்டு கிடையாது. வெட்டு முடிந்து மிஷினைத் தூக்கினால் பல் சுற்றிக்கொண்டே வெளியே நிற்கும். மர வேலைக்காரர்களின் விரலையும் தொடையையும் கேட்டால் இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 4 அங்குல பிளேடு 32, 34 மில்லிமீட்டர்தான் இறங்கும். உங்கள் அயனிப் பலகை ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். ஒரு வெட்டில் முடியாது, திருப்பிப் போட்டு இரண்டாம் வெட்டு போட வேண்டும். அந்த இரண்டும் ஒன்றோடொன்று சேராது.

டேபிள் சா நல்ல சாமான்தான். ஆனால் நம்பி வாங்கும்படியான ஒன்று உங்கள் பட்ஜெட்டைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். காசு இருந்தாலும், எட்டுக்கு நாலு ஷீட் முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அதைச் சின்ன மேசை மேல் ஒற்றையாளாகத் தாங்கி நேராகத் தள்ள முடியாது. ஷீட் வேலையில் மரத்தைக் கிடத்தி மிஷினை நகர்த்துவதுதான் வீட்டில் செய்கிறவருக்கு நல்லது. சர்க்குலர் சாவைத் தலைகீழாகக் கவிழ்த்து மேசையில் மாட்டி ‘டேபிள் சா’ என்று விற்பதையும் பார்க்கலாம். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மிஷின் வாங்க மார்த்தாண்டத்திலேயே கடைகள் இருக்கின்றன. களியக்காவிளை தாண்டி, திருவனந்தபுரம் நகரத்தில் ‘சாலை’ என்கிற கடைத்தெருவுக்குப் போனால் ரகம் கூடுதலாக இருக்கும். எங்கே வாங்கினாலும் பில்லும் வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள், சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்றும் கேளுங்கள். நூறு ரூபாய் மிச்சத்துக்காக எல்லை தாண்டி வாங்கிவிட்டு, மோட்டாரில் தேய்கிற கார்பன் பிரஷ் மாற்ற மறுபடி அங்கேயே பஸ் ஏற வேண்டாம். பாஷ், மகிட்டா போன்ற பெயர் பெற்ற கம்பெனிகளில் 7 அங்குல மிஷின் ஆறாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் வரை சொல்வார்கள். அதற்குக் கீழேயும் பல பெயர்களில் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு வருகிறது. விலை கடைக்குக் கடை மாறும், ஆன்லைனில் நாளுக்கு நாள் மாறும். உங்கள் வேலைக்கு 1200 வாட்டுக்குக் குறையாமல் இருந்தால் போதும்.

பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பிளேடை மேலே ஏற்றிக்கொண்டு மிஷினைக் கடையின் கண்ணாடி மேசை மேல் வையுங்கள். அடித்தகட்டின் நாலு மூலையையும் விரலால் அழுத்துங்கள். ஒரு மூலை ஆடினாலும் அந்தப் பீஸ் வேண்டாம், வேறு எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் பிளக் மாட்டாமலே, பிளேடின் ஒரு பல்லில் மார்க்கர் பேனாவால் புள்ளி வையுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து அடித்தகட்டின் ஓரத்திலிருந்து அதற்கு எவ்வளவு தூரம் என்று அளங்கள். கையால் சுழற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுவந்து மறுபடி அளங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் பிளேடு கோணலாக நிற்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மிஷின் எப்போதும் கைடை விட்டு விலகப் பார்க்கும், இல்லையென்றால் மரத்தை எரித்துக் கறுப்பாக்கும். கடைசியாகக் கீழ் கார்டை விரலால் இழுத்து விட்டுப் பாருங்கள், டக்கென்று திரும்பி வந்து மூட வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கூடவே வரும் பிளேடு பெரும்பாலும் 24 பல்லாகத்தான் இருக்கும். அதைத் தூக்கிப் போட வேண்டாம், அயனிப் பலகையை நீளவாக்கில் கிழிக்க அதுதான் சரி. பல் குறைந்தால் இடைவெளி அதிகம், தூள் சீக்கிரம் வெளியேறும். பிளைவுட்டுக்கு 60 பல் வைத்த டிசிடி (பல் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு பதித்த) பிளேடு ஒன்று தனியாக வாங்குங்கள், ஆயிரம் ரூபாயைச் சுற்றி வரும். மிஷினில் ஆயிரம் ரூபாய் குறைத்தாலும் இதில் குறைக்காதீர்கள். வாங்கும்போது நடு ஓட்டையின் அளவு உங்கள் மிஷினுக்குப் பொருந்துகிறதா, பிளேடில் அச்சடித்திருக்கும் அதிகபட்சச் சுற்று உங்கள் மிஷினின் சுற்றைவிடக் கூடுதலா என்று இரண்டையும் பாருங்கள்.

இனி கைடு பலகை. 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் எட்டடி நீளம், ஒரு அடி அகலத்துக்கு ஒரு துண்டு. கடையில் ஷீட் வாங்கும்போதே கூலி கொடுத்து வெட்டித் தரச் சொல்லலாம். அதன் மேல் நேரான ஒரு சட்டத்தை நீளவாக்கில் பதிக்க வேண்டும், மிஷின் அதை ஒட்டித்தான் ஓடும். மரச் சட்டம் நம் ஊர் ஈரத்தில் நம்ப முடியாது. தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது, ஆனியில் நேராக இருந்த சட்டம் ஐப்பசியில் வில்லாகும். அலுமினிய ஜன்னல் வேலை செய்கிற கடையில் இரண்டுக்கு ஒன்று அங்குல பாக்ஸ் பைப் எட்டடி கேளுங்கள். கண்ணுக்கு நேராக ஒரு முனையைப் பிடித்து மறுமுனையைப் பாருங்கள். பிறகு தரையில் வைத்து ஓரமாகப் பென்சில் கோடு இழுத்து, பைப்பை மறுபக்கம் புரட்டி அதே கோட்டில் அதே ஓரத்தை வைத்துப் பாருங்கள். வளைவு இருந்தால் இரண்டு மடங்காகக் காட்டிக் கொடுத்துவிடும்.

பைப்பைப் படுக்கையாக வைத்து அடியிலிருந்து ஸ்க்ரூ போட்டுப் பொருத்துங்கள். ஸ்க்ரூத் தலை பிளைவுட்டுக்குள் முழுக்க அமிழ வேண்டும். மிஷின் தகட்டின் அகலமான பக்கம், அதாவது மோட்டார் இருக்கும் பக்கம், பைப்பைத் தொட வேண்டும். பைப்புக்கும் பலகையின் வெளி ஓரத்துக்கும் நடுவே, தகட்டின் ஓரத்திலிருந்து பிளேடு வரை உள்ள தூரத்தைவிட ஒரு அங்குலம் கூடுதலாக விடுங்கள். இப்போது பைப்பை ஒட்டி மிஷினை ஒரே ஓட்டமாக ஓட்டினால் அந்தக் கூடுதல் அங்குலம் அறுந்து விழும். மிச்சமிருக்கும் பிளைவுட் ஓரம்தான் இனி உங்கள் பிளேடு போகும் பாதை. கோட்டின் மேல் அந்த ஓரத்தை வைத்து இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டால் போதும், கூட்டல் கழித்தல் ஒன்றும் இல்லை. கிளாம்ப் மோட்டாரில் இடிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் மிஷினை அணைத்தபடியே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளேடு எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ மோட்டாரும் அவ்வளவு கீழே வரும்; பிளைவுட்டுக்கு ஓடுகிற மிஷின் ஒன்றரை அங்குலப் பலகைக்குத் தட்டலாம்.

கைடு எப்போதும் உங்களுக்கு வேண்டிய துண்டின் மேல் உட்கார வேண்டும், பிளேடு கழிவுப் பக்கம் ஓட வேண்டும். இதில் ஒரு லாபம் உண்டு. சர்க்குலர் சாவின் பல் கீழிருந்து மேலாக வெட்டி வருவதால் மேல்பக்க நார்தான் பிய்யும். கைடின் ஓரம் அந்த நாரை அமுக்கிப் பிடித்துக்கொள்வதால் வேண்டிய துண்டின் விளிம்பு சுத்தமாக வரும். அப்படியும் நல்ல முகத்தைக் கீழே பார்க்க வைத்து வெட்டுவதுதான் வழக்கம். ஒரு கைடு ஒரு மிஷினுக்கும் ஒரு கனமுள்ள பிளேடுக்கும் மட்டும்தான். பிளேடு கனம் மாறினால் ஓரமும் மாறும், அதனால் 60 பல் பிளேடை மாட்டிக்கொண்டே கைடைச் செய்யுங்கள். எட்டடியில் ஒன்று செய்த கையோடு நாலரை அடியிலும் ஒன்று செய்துவிடுங்கள், குறுக்கு வெட்டுதான் அதிகம் வரும்.

வெட்டும் இடத்துக்கு மேசை தேடாதீர்கள். தரையில் இரண்டு அங்குலத் தெர்மாகோல் ஷீட்டுகளைப் பரப்பி அதன் மேல் பிளைவுட்டைப் போடுங்கள். பிளேடு அடியில் தெர்மாகோலைக் கீறிக்கொண்டு போகும், பரவாயில்லை. இரண்டு ஸ்டூல் நடுவே பாலமாக வைத்து நடுவில் வெட்டினால்தான் ஆபத்து. ஷீட் நடுவில் தொய்ந்து, வெட்டிய வாய் மூடி பிளேடைக் கவ்வும். கவ்விய நொடியில் மிஷின் உங்களைப் பார்த்துப் பின்னால் எகிறும். பிளேடின் ஆழம் கைடையும் ஷீட்டையும் தாண்டி ஒரு பல் உயரம் வெளியே தெரிந்தால் போதும். மிஷினுக்கு நேர் பின்னால் இருக்காமல் ஒரு பக்கமாக இருங்கள். கைலி வேண்டாம், தொங்கும் துண்டு வேண்டாம், கையுறையும் வேண்டாம், கண்ணாடி கட்டாயம். பிளேடு மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். கரண்ட் 16 ஆம்பியர் பாயிண்டிலிருந்து எடுங்கள். மெலிந்த எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓட்டினால் மிஷின் திணறும், ஒயர் சுடும்.

கோடு போடுமுன் ஒரு கணக்கு. பிளேடு போகும் வழியில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் தூளாகிவிடும். நாலடி ஷீட்டில் ஒரு அடி அகலத்துக்கு நாலு பலகை வரும் என்று எழுதி வைத்திருப்பீர்கள். மூன்று வெட்டில் ஏழு மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும், பலகைக்கு 303தான் மிஞ்சும். கபோர்டு அளவையே 300 என்று வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை. எல்லாக் கோட்டையும் ஒரே நேரத்தில் போட்டு வைத்துவிட்டு வெட்டாதீர்கள். ஒன்று வெட்டி, அந்தப் புது ஓரத்திலிருந்து அடுத்ததை அளங்கள். கம்பெனி ஓரம் பெரும்பாலும் நேராக இருக்கும், மூலை சதுரமாக இருக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். குறுக்கே மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் டேப் பிடித்துப் பாருங்கள், இரண்டு அளவும் ஒன்றானால் சதுரம். ஷீட்டுகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தால் இன்றே படுக்கப் போடுங்கள், வளைந்த ஷீட்டில் நேர்வெட்டு போட்டாலும் கதவு இழுத்துக்கொண்டுதான் நிற்கும்.

முதல் வெட்டை ஒரு கழிவுத் துண்டில் போட்டுச் சோதியுங்கள். வெட்டிய இரண்டு துண்டில் ஒன்றைத் தலைகீழாகப் புரட்டி, வெட்டு வாயை வெட்டு வாயோடு சேர்த்துத் தரையில் வைத்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் பிளேடு 90 டிகிரியில் நிற்கவில்லை, தெரிகிற இடைவெளியில் பாதிதான் உண்மையான கோணல். மிஷின் முன்பக்கம் உள்ள கோண ஸ்கேலை நம்பாமல், 90 டிகிரி பார்க்கும் மூலமட்டத்தைப் பிளேடின் தட்டையான பக்கத்தில் வைத்துச் சரி செய்யுங்கள். மட்டம் பல்லின் மேல் உட்கார்ந்தால் தப்பாகக் காட்டும், பல்லுக்கு நடுவே வைக்க வேண்டும்.

அயனியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். போன வருஷம் சாய்ந்த மரம் என்கிறீர்கள். காற்றில் காய அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது பட்டறைக் கணக்கு, ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்றரை வருஷம். கேரளத்தில் சுண்டன் வள்ளம் செய்கிற மரம் இது. பொறுத்தால் நல்ல உழைப்பு தரும். அவசரப்பட்டுப் பச்சையாக வெட்டினால் இன்று நேராக வெட்டிய ஓரம் அடுத்த மாதம் வளைந்து நிற்கும், ரம்பத்தைத் திட்டிப் பயனில்லை. பலகைகளுக்கு நடுவே ஒரே கனமுள்ள ரீப்பர்களை (மெல்லிய மரச் சட்டங்களை) இரண்டடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் வரும்படி வைத்து, நிழலில் அடுக்குங்கள். இரண்டு முனையிலும் பழைய பெயிண்ட் அடித்துவிட்டால் வாய் பிளக்காது. முதலில் பிளைவுட் கபோர்டை முடியுங்கள், அயனி காத்திருக்கட்டும்.

காய்ந்த பிறகு அதே கைடில், 24 பல் பிளேடைப் போட்டுப் பலகையின் கோணல் ஓரத்தை நேராக்கலாம். பிளேடு கனம் மாறியிருப்பதால் கைடின் ஓரத்தை ஒரு மயிரிழை கூடுதலாக வெட்டலாம், அல்லது விளிம்பை விட்டுத் தள்ளி ஓடலாம். இங்கே அந்த வித்தியாசம் பெரிதில்லை. நேராக்கியதை எப்படியும் இழைப்புளியில் இரண்டு தள்ளு தள்ளத்தான் போகிறீர்கள். வெட்டும்போது பின்னால் வாய் மூடுவதுபோல் தெரிந்தால் மிஷினை நிறுத்தி, பிளேடு நின்ற பிறகு வெட்டிய இடத்தில் ஒரு சின்ன மர ஆப்பைச் செருகிவிட்டுத் தொடருங்கள்.

மிச்சப் பணத்தில் ஒரு கைரம்பம் வாங்குங்கள். அயனிச் சட்டங்களைக் கூட்டுப் போடும் இடத்துக்கு மிஷின் போகாது. முதுகில் பட்டை வைத்த டெனான் சா, அங்குலத்துக்கு 12 பல்லைச் சுற்றி இருந்தால் போதும். பல் நுனி கருநீலமாகத் தெரிந்தால் அது சூடேற்றி இறுக்கிய பல், ரொம்ப நாள் கூர்மை நிற்கும், மழுங்கிய பிறகு அரம் வைக்க முடியாது. கோட்டைப் பென்சிலில் போடாமல் கத்தி நுனியால் கீறுங்கள், ரம்பம் அந்தக் கீறலில் உட்கார்ந்துகொள்ளும். ரம்பத் தகடு பளபளப்பாக இருந்தால் அதிலேயே மட்டம் பார்க்கலாம். சட்டத்தின் விளிம்பு தகட்டில் பிரதிபலிக்கும். நிஜ விளிம்பும் பிம்பமும் ஒடியாமல் ஒரே கோடாகத் தெரிகிறபோது ரம்பம் செங்குத்தாகவும் குறுக்கே சதுரமாகவும் நிற்கிறது. ஒடிந்து தெரிந்தால் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்புங்கள்.

ஒரே ஒரு அலமாரிதான், அதற்குமேல் ஆசை இல்லை என்றால் மிஷினே வேண்டாம். மாடுலர் கிச்சன் பட்டறைகளில் பேனல் சா (முழு ஷீட்டை வெட்டும் பெரிய மிஷின்) வைத்திருக்கிறவர்கள் கூலிக்கு வெட்டித் தருவார்கள், அளவைத் தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் ஆறு ஷீட்டும் அயனியும் வைத்திருக்கிற ஆள் ஒரு அலமாரியோடு நிற்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மைக்கா கேள்விக்கு வருகிறேன். வெட்டிவிட்டு ஒட்டுவதுதான் வீட்டில் செய்கிறவருக்குச் சுலபம். பிளைவுட்டைச் சரியான அளவுக்கு வெட்டி, மைக்காவைச் சுற்றிலும் இரண்டு நூல் (கால் அங்குலம்) கூடுதலாக விட்டு ஒட்டி, பசை இறுகிய பிறகு துருத்தி நிற்பதை டிரிம்மரிலோ அரத்திலோ எடுத்துவிடலாம். அரத்தை எப்போதும் மைக்காவிலிருந்து பிளைவுட்டைப் பார்த்துத் தள்ள வேண்டும், எதிர்ப்பக்கம் இழுத்தால் மைக்கா சில்லு பெயரும். ஒட்டியதை வெட்டியே ஆக வேண்டும் என்றால் 60 பல் பிளேடு, மைக்கா முகம் கீழே, கோட்டின் மேல் மாஸ்கிங் டேப். இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டிய கதவானால் முதலில் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு ஓட்டம், அப்புறம் கைடை அசைக்காமல் முழு ஆழத்தில் இரண்டாவது ஓட்டம்.